வாசலுக்கு முதுகு

"இப்படி உக்காருங்க. முதுகு வாசலுக்கு, மூஞ்சி பாப்பாவுக்கு" என்று நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டுவிட்டுக் கைகளைத் தட்டிக்கொள்கிறார் ஃபிலோமினா வக்கீல். நான் உட்காரவில்லை. "உக்காந்துதான் பாருங்களேன் மங்கை, நாற்காலி ஒண்ணும் கடிச்சிடாது." கடிக்கும். நீல பிளாஸ்டிக் நாற்காலி, உட்காருகிற இடத்தில் ஒரு விரிசல், பாரம் ஏறினால் திறந்துகொண்டு அசைந்தால் மூடிக்கொள்ளும். போன தடவை தொடைச் சதையைக் கவ்விப் பிடித்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. அதைச் சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும், நல்ல மனுஷிதான், எனக்காகத் தொண்டை கட்டக் கத்தியவர்தான். ஆனால் அந்த நாற்காலியைச் சுவரோரமாக, சுவரில் வரைந்திருக்கிற முயலுக்குக் கீழே போட்டு வைத்தது நான். குடும்பக் கோர்ட்டில் பிள்ளைகளைப் பார்க்க விடுகிற குழந்தைகள் அறை என்பதால் முயல். ஒரு காது மின்விசிறி சுவிட்சு வரைக்கும் போகிறது, இன்னொரு காதைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் வரைந்தவர். முயலுக்குக் கீழே உட்கார்ந்தால் வாசல் தெரியும், வாசலுக்கு வெளியே வராந்தா தெரியும், வராந்தாக் கோடியில் படிக்கட்டு தெரியும். யார் ஏறி வந்தாலும் முதலில் தலை, பிறகு தோள், பிறகு கை. கை தெரிகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம், கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு விடலாம். இதை வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். "புரியுது, எனக்குப் புரியுது. ஆனா புரிய வேண்டியது எனக்கில்லையே" என்றார். அதுவும் சரிதான். புரிய வேண்டியவர் மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஆலோசகர் வசந்தகுமாரி அம்மாள், கமலாப்பழம் உரித்துக்கொண்டு. போன தடவை அவர் எழுதியதுதான் இந்த வாக்கியம்: தாய் குழந்தையின் மீது கவனம் செலுத்துவதைவிட அறையின் வாயிலையே அடிக்கடி நோக்கிக்கொண்டிருந்தார். மனப்பாடமாகிவிட்டது. பல் விளக்கும்போது வருகிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வருகிறது. வாயிலை நோக்கிக்கொண்டிருந்தார். கோயிலில் தேரை எதிர்பார்த்து நின்றவளைப் பற்றி எழுதியது மாதிரி. நீதிபதி அதை உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏம்மா, பிள்ளையைப் பார்க்க வந்தீங்களா, வாசலைப் பார்க்க வந்தீங்களா?" ஹாலில் சிரித்தார்கள். தட்டச்சு செய்கிற பெண்கூட உதட்டை மடித்துக்கொண்டாள். என் புருஷன் சுந்தரவேல் மட்டும் சிரிக்கவில்லை. கைகட்டித் தலை குனிந்து நின்றான், என் நிலைமைக்காக வருத்தப்படுகிறவன் மாதிரி. அது அவனுக்கு நன்றாக வரும். இன்றைக்கு எழுதப்போகிற அறிக்கையை வைத்துத்தான் திங்கட்கிழமை உத்தரவு. பெரிய லீவில் பாதி நாள் என் மகள் தாரகை என்னோடு என் வீட்டில் இருப்பாளா, இல்லை இதே முயலுக்குக் கீழே, ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் மட்டும்தானா. அதனால்தான் வக்கீல் நாற்காலியைத் திருப்பிப் போடுகிறார். அதனால்தான் "கொஞ்சம் பூ வச்சிட்டு வந்திருக்கலாம்" என்கிறார். "சிரிங்க, ரொம்பச் சிரிக்காதீங்க. கட்டிப் பிடிச்சுக்குங்க, பாப்பா நெளிஞ்சா உடனே விட்டுடுங்க. அழுகை வந்தா லேசா அழுங்க." லேசாக அழுவது எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். முதல் வாய்தாவில் அழுதேன், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து உணர்ச்சிக் கொந்தளிப்பு உள்ளவர் என்றார். இரண்டாவதில் அழவில்லை, அதே வக்கீல் அதே இடத்தில் எழுந்து தாய்க்குரிய ஈரம் இல்லாதவர் என்றார். இரண்டு தடவையும் நீதிபதி எழுதிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டும், அங்கே நின்றால் ஒன்றும் எழுதமாட்டார்கள், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று யாராவது தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினால் போய் நிற்கலாம். நிற்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

"கீழ ஒரு வாய்தா வாங்கிட்டு வந்துடறேன். நாற்காலியை நகத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வக்கீல் போகிறார், படியில் இறங்கும்போது குதிகால் செருப்பு டக் டக் என்று சீராகப் போகிறது. சீரான சத்தம் எனக்குப் பயமில்லை. ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்கச் சீரான சத்தங்கள்தான். மெஷின் உறுமும், மணி அடிக்கும், நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்வேன், மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, விடலாம். எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னபடி கேட்பார்கள். ரவுடி மாதிரி மீசை வைத்தவர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டி என்னைப் பார்ப்பார்கள், விடலாமா என்று. ஒரு தடவை இருமல் விடவில்லை என்று என் நெஞ்சையே படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, "எப்பம்மா விழுந்தீங்க? விலா ஒண்ணு உடைஞ்சு ஒட்டியிருக்கே" என்றார். படிக்கட்டில் என்றேன். எங்கள் வீட்டில் படிக்கட்டே கிடையாது. தரைத்தளம், பின்னால் கிணறு, முன்னால் இரும்புக் கேட். அந்தப் படிக்கட்டை நான் எதற்குக் கட்டினேன் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கூண்டில் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அதே படிக்கட்டில் ஏறி வந்தார். "படிக்கட்டில் விழுந்ததாக நீங்களே டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களே, அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?" அன்றைக்குச் சொன்னது பொய். பொய்தான் என்றேன். பொய் சொல்லக்கூடியவர் என்று ஒப்புக்கொண்டதாகப் பதிவாயிற்று. சுந்தரவேல், அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவான். அவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் கல்யாணமான நாளிலிருந்து, மனதுக்குள்ளும் அவர்தான், எந்த நாளில் அவன் ஆனான் என்று தேடிப் பார்த்தால் கிடைக்கவில்லை, ஆகிவிட்டான், இனி யார் சொன்னாலும் மாற்ற முடியாது. அவன் பாடம் நடத்துகிற பாலிடெக்னிக் பக்கத்துத் தெருவில். எனக்குக் காலை ஷிப்ட், தாரகைக்குப் பாதிநாள் பள்ளிக்கூடம், நாங்கள் இரண்டு பேரும் அவனுக்கு முன்னால் வந்துவிடுவோம். கேட் சத்தம் கேட்கும். வண்டி ஸ்டாண்டு போடுகிற சத்தம். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றுவான். முதல் செருப்பு விழும், இரண்டாவது செருப்பு விழும். இரண்டும் அடுத்தடுத்து விழுந்தால் அன்றைக்குச் சோறு சோறாக இருக்கும், ரசம் ரசமாக இருக்கும். முதல் செருப்பு விழுந்து இரண்டாவது விழாமல் நின்றால், ஒற்றைக் காலில் நின்றபடி எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். வகுப்பில் எவனோ எதிர்த்துப் பேசியதை, பிரின்சிபால் சொன்ன ஒரு சொல்லை, இல்லையென்றால் நான் காலையில் எந்தக் குரலில் போய்வருகிறேன் என்று சொன்னேன் என்பதை. அந்த இடைவெளியில் நான் கரண்டியைக் கீழே வைப்பேன். அடுப்பை அணைப்பேன். குழந்தை எங்கே இருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறதா, சூடான பாத்திரம் எது என்று பார்த்துவைத்துக்கொள்வேன். அப்புறம்தான் இரண்டாவது செருப்பு விழும். உலகத்தில் எந்தச் சட்டப் புத்தகத்திலாவது அந்த இடைவெளிக்கு ஒரு பிரிவு போட்டிருக்கிறார்களா? வாயிலை நோக்கிக்கொண்டிருந்தார். ஐயா, நோக்காமல் இருந்திருந்தால் உங்கள் முன்னால் வந்து நிற்க நான் இருந்திருக்கமாட்டேன். வாசலைப் பார்க்கத் தெரியாத தாய்க்குத்தான் நீங்கள் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே, அவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தபோதே. அப்போது வரவில்லை. பஸ்ஸில் வந்தது. எல்லாம் பஸ்ஸில்தான் வருகிறது.

வராந்தா பெஞ்சில் சேசுராஜ் உட்கார்ந்திருக்கிறார், மடியில் ரிமோட் கார், அட்டைப்பெட்டியோடு. ஒவ்வொரு தடவையும் அதே கார், அட்டையின் மூலை நைந்து வெள்ளை வெள்ளையாகிவிட்டது. அவர் பையனை அம்மா வீட்டார் அழைத்து வருவதே இல்லை. காய்ச்சல், கல்யாணம், வண்டி கிடைக்கவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறார். "வந்துருவாங்கக்கா, உங்க பாப்பா வந்துரும். எம்பையனும் இன்னிக்கு வந்துருவான்." "எதுக்குத் தம்பி இப்படிச் சிரிக்கிறீங்க, கன்னம் வலிக்காதா?" "வலிக்குதுக்கா. மொரட்டு மூஞ்சியா இருக்கேன், பையன் பயப்படறான்னு எழுதிட்டாங்க. அதான் காலைல எந்திரிச்சதுல இருந்து சிரிச்சுப் பழகறேன். லாரி ஆபீஸ்ல என்னடா லாட்டரி விழுந்துருச்சான்னு கேக்கறானுங்க." பையனுக்கு ஜுரம் வந்த வாரம் முழுக்க இவர்தான் மடியில் போட்டுக்கொண்டு கிடந்தாராம், அதைக் கேட்க ஆள் இல்லை. அப்பன்மார்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று இவரிடம் சொன்ன அதே வாயால்தான் சுந்தரவேலைப் பொறுப்பான தகப்பன் என்றார்கள். அவன் சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருப்பான், இங்கிலீஷில் ஒரு வாக்கியம் விட்டு ஒரு வாக்கியம் பேசுவான், இவர் லுங்கியை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருப்பார். நியாயம் என்பது இஸ்திரி போட்ட சட்டைக்குள்தான் இறங்கும் போலிருக்கிறது. என்னைக் கேட்டார்கள், குழந்தையை விட்டுவிட்டுப் போனவர்தானே நீங்கள். அதற்கு ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் தாரகையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான். வாழைப்பழத்தைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தான். "போறதுன்னா போ. யாரு பிடிச்சிருக்கா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என் காது ஒன்றில் ஙொய் என்று சத்தம், உதடு உப்பு. நிலைக்கும் அவன் தோளுக்கும் நடுவில் ஒருக்களித்தால் ஒரு ஆள் போகலாம். ஒரு ஆள்தான் போகலாம். இரண்டு பேராகப் போக முடியாது என்பதை அவன் அளந்து நின்றிருந்தான், அதில் அவன் கெட்டிக்காரன். நான் ஒருக்களித்தேன். என் தோள் தாரகையின் பாதத்தில் உரசியது. வெள்ளைச் சாக்ஸ், பள்ளிக்கூடச் சாக்ஸ், கழற்றவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு வருவதற்குத்தான் போனேன். திரும்பி வந்தபோது கேட்டில் பூட்டு, ஊருக்குப் போயிருந்தார்கள், அவன் அம்மா ஊருக்கு, அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டான். போனேனா? ஆம். குழந்தையோடு போனேனா? இல்லை. ஆம், இல்லை, இரண்டும் என் வாயிலிருந்துதான் வந்தன. அந்தப் பாதம் என் தோளில் உரசியதை ஆமில் சேர்ப்பதா இல்லையில் சேர்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இன்னொரு நாள் கேட்டால் என்ன சொல்வேன்? உயிரோடு திரும்பி வருவதற்காகப் போனேன் என்று சொல்வேன். வந்திருக்கிறேன், பாருங்கள், இதோ நிற்கிறேன், ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு முன்னாலேயே வந்து நிற்கிறேன், நீங்கள்தான் அறையைத் திறக்க நேரமாக்குகிறீர்கள்.

நாற்காலியைத் தூக்குகிறேன். கனமே இல்லை. கொண்டுபோய் முயலுக்குக் கீழே, சுவரை ஒட்டிப் போடுகிறேன், கால் தரையில் கிறீச்சிடுகிறது. "என்னம்மா, வக்கீலம்மா போட்டு வச்சதை மாத்திட்டீங்க?" என்கிறார் வசந்தகுமாரி அம்மாள், பழச்சுளையிலிருந்து நாரை உரித்தபடி. "எனக்கு வாசல் தெரியணும் மேடம்." "இதைத்தான் போன வாட்டியும் பண்ணீங்க. நான் அப்படியே எழுதிட்டேன்னா உங்களுக்குத்தான் கஷ்டம், சொல்லிட்டேன்." "எழுதுங்க. வாசலைப் பார்த்தாள்னு எழுதுங்க. ஏன் பார்த்தாள்னும் கேட்டு எழுதுங்க." என் குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை, அறை முழுக்கக் கேட்டது. அவர் சுளையை வாயில் போடாமல் என்னைப் பார்க்கிறார். கோபமில்லை, அலுப்புதான், காலையிலிருந்து எத்தனை குடும்பம் பார்த்தாரோ. "ஏன்னு கேக்கறது என் வேலை இல்லம்மா. கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதணும்னு சொல்லிருக்காங்க. நீங்க சொல்றதெல்லாம் கோர்ட்ல சொல்லிக்குங்க." "அங்க சொன்னா ஆம் இல்லைன்னு மட்டும் சொல்லச் சொல்றாங்களே." "அதுக்கு நான் என்ன பண்ண?" ஒன்றும் பண்ண வேண்டாம். பழத்தைத் தின்னுங்கள். "ஒரு சுளை எடுத்துக்கிறீங்களா?" என்று நீட்டுகிறார், நிஜமாகவே நீட்டுகிறார். வேண்டாம் என்கிறேன். உட்காருகிறேன், விரிசல் கவ்வுகிறது, கவ்வட்டும். இப்போது முதுகில் சுவர் இருக்கிறது. சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது. வராந்தா, பெஞ்சு, சேசுராஜின் நைந்த அட்டைப்பெட்டி, படிக்கட்டு. எல்லாம் தெரிகிறது. திங்கட்கிழமை என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும். பூ வைக்காமல் வந்தார், நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டார், பழம் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றும் உண்மை. உண்மையை எழுதி என்னைத் தோற்கடித்தால் தோற்கிறேன், இன்னொரு கோர்ட் இருக்கிறது, அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, பஸ் இருக்கிறது, நான் இருக்கிறேன். லீவு போய்விடும். லீவு போய்விடுமே. மாங்காய் வாங்கி வைத்திருக்கிறேன், கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன், பல் தேய்க்கிற பிரஷ் சின்னதாக ஒன்று, மஞ்சள் கலர், கவர் பிரிக்காமல். ஒரு நாற்காலிக்காக அந்தப் பிரஷ் கவருக்குள்ளேயே கிடக்க வேண்டுமா? திருப்பிப் போட்டு இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன? உட்காருவேன், உட்கார்ந்துவிடுவேன், ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தைத்தான் தாரகை இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்கு இது மேல். படிக்கட்டில் ஒரு தலை. தோள். நாத்தனார் சித்ரலேகா. கை. கையில் இன்னொரு சின்னக் கை.

முடியை வெட்டியிருக்கிறார்கள். காது மடலுக்கு மேலே, பையன் மாதிரி. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்கமாட்டார்கள். "போ, உங்கம்மா உக்காந்திருக்கா பாரு" என்று நாத்தனார் வாசலிலேயே கையை விடுகிறாள், என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நான் கீழ கேன்டீன்ல இருக்கேன் மேடம்" என்று ஆலோசகரிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். தாரகை உள்ளே வந்து நிற்கிறாள். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. நான் எழுந்து போய்க் கட்டிக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை, அவள் நெளியவில்லை, எண்ணெய் வாடையும் புதுத் துணி வாடையுமாக என் தோளில் மூக்கை வைத்து மூச்சு விடுகிறாள். "பல்லை என்னடி பண்ணே?" "அத்தை கூரைல போட்டுட்டாங்க." "வலிச்சுதா?" "ரத்தம் வந்துச்சு. நான் அழல." ஏன் அழவில்லை என்று கேட்கவில்லை. பையிலிருந்து கிரேயான் டப்பாவையும் படப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுக்கிறேன். குழந்தைகளுக்கு என்று அறை நடுவில் குட்டி மேஜையும் குட்டி நாற்காலியும் போட்டிருக்கிறார்கள், சிவப்பு. அவள் அங்கே உட்காரவில்லை. குட்டி நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில், முயலுக்குக் கீழே, முதுகு சுவரில் படும்படி போட்டு உட்காருகிறாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுதுங்கள் மேடம், இதை எழுதுங்கள். மேடம் போனில் மகளிடம் பேசிக்கொண்டிருக்கிறார், ஹால் டிக்கெட் அலமாரி மேல்தட்டில், கறுப்புப் பைக்குள் இருக்கிறதாம். "யானைக்குப் பச்சை அடிக்கலாமா?" என்கிறாள் தாரகை. "அடிக்கலாமே." "மிஸ் திட்டுவாங்க." "இங்க மிஸ் இல்ல." பச்சைக் கிரேயானால் அடிக்கிறாள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்கிறாள், இன்னொரு இழுப்பு, நிமிர்கிறாள். பச்சை யானையின் கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கிறது, சின்னப் பிள்ளைதானே, அப்படித்தான் அடிக்கும். வெளியே ஒரு செருப்பு விழுகிறது. ஒன்று மட்டும். இரண்டாவது விழவில்லை. என் மூச்சு நின்றுவிட்டது, அது எனக்குப் பழக்கம், கரண்டியைக் கீழே வைக்க வேண்டிய நேரம். ஆனால் கிரேயானும் நின்றுவிட்டது. பக்கத்தில் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கிரேயானை மடியில் வைத்துவிட்டாள், படப் புத்தகத்தை மூடிவிட்டாள், சின்ன நெஞ்சு ஏறிய இடத்திலேயே நிற்கிறது, இறங்கவில்லை. வாசல், வராந்தா, படிக்கட்டு. அவள் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. முயலுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது செருப்பு விழுகிறது. சேசுராஜ் எட்டிப் பார்க்கிறார், செருப்பின் வார் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது, குனிந்து நிமிர்ந்ததில் முகம் சிவந்திருக்கிறது, பல் தெரியச் சிரிக்கிறார். "மேடம், அவன் இன்னிக்கும் வரலைங்க. காரை இங்கயே வச்சிட்டுப் போகலாமுங்களா? யாராச்சும் பிள்ளைங்க விளையாடட்டும்." "வச்சிட்டுப் போங்க" என்கிறார் மேடம் போனைக் காதிலிருந்து எடுக்காமல். கதவோரம் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு, தாரகையைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்துவிட்டுப் போகிறார். செருப்புகளை மாட்டிக்கொள்கிற சத்தம். படிக்கட்டு. போய்விட்டார். அவள் நெஞ்சு இன்னும் இறங்கவில்லை. "விடலாம்" என்கிறேன், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொல்கிற குரலில். "மூச்சை விடலாம் தாரா." விடுகிறாள். விட்டாலும் கண் வாசலில்தான். நான் இல்லாத வீட்டில் எந்தச் சுவரோரம் உட்காருகிறாள், எந்த மத்தியானத்தில், யார் அடுப்பை அணைக்கிறார்கள்? நான் எழுந்திருக்கிறேன். நாற்காலியைத் தூக்குகிறேன். சுவரை விட்டு எடுத்து, வாசலுக்கும் அவளுக்கும் நடுவில், அவள் முழங்கால் என் முழங்காலில் இடிக்கும்படி போட்டு, அவளைப் பார்க்க உட்காருகிறேன். முதுகில் சுவர் இல்லை. பிடரியில் காற்று படுகிறது, மயிர்க்கால் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கிறது, நிற்கட்டும். அவள் இடது பக்கம் தலையைச் சாய்த்து என்னைத் தாண்டிப் பார்க்கிறாள். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். வலது பக்கம் சாய்கிறாள். நானும் சாய்கிறேன். என் தோளுக்கு மேலே எக்கிப் பார்க்கிறாள், தோளை நிமிர்த்திக்கொள்கிறேன். என் முகத்தைத் தவிர அவளுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்க்கிறாள், வெகு நேரம், புருவம், மூக்குத்தி, வாய், அதில் எதையோ தேடுகிற மாதிரி. வராந்தாவில் யாரோ நடந்து வருகிறார்கள். நான் திரும்பவில்லை. மூலையில் மேடம், "கறுப்புப் பைடி, பழுப்பு இல்ல, கறுப்பு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நடை நெருங்கி வருகிறது. கை இருக்கும், கையில் என்னமோ இருக்கும். வரட்டும், முதலில் என் முதுகு இருக்கிறது. விரிசல் தொடையைக் கவ்விப் பிடிக்கிறது, அசையவில்லை. தாரகை மடியிலிருந்து பச்சைக் கிரேயானை எடுக்கிறாள். படப் புத்தகத்தைத் திறந்து, யானையைத் தேடி, நெற்றி காகிதத்தில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து அடிக்க ஆரம்பிக்கிறாள்.